முந்திப் பெல்ட் போட்ட ஆள்

கார் எஞ்சினின் பெல்ட் கவரைக் கழற்றியதும் மெக்கானிக் சசிகரன் வாய்விட்டுச் சிரித்தான். ஆறு போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் நாலுதான் இருந்தன.

இதை விடக்கூடாது என்று நினைத்தான். போனை எடுத்து, நேரலையைத் தொடங்கி, காரின் சொந்தக்காரி அன்னலட்சுமியின் கையில் கொடுத்தான். தன்னையும் எஞ்சினையும் சேர்த்துக் காட்டச் சொன்னான்.

திருகோணமலையில் கார் வைத்திருப்பவர்களில் அவனைத் தெரியாதவர் குறைவு. வீடு தேடி வந்து வேலை செய்வான் என்பதற்காக மட்டுமல்ல. மற்ற மெக்கானிக்குகளின் வேலையைக் கழற்றிக் காட்டி நாறடிப்பதற்கென்றே முகநூலில் ஒரு பக்கம் வைத்திருந்தான். பன்னிரண்டாயிரம் பேர் அதைப் பார்த்தார்கள்.

நேற்று அன்னலட்சுமி லிங்கநகரிலிருந்து போன் எடுத்துப் பேசியபோது, அவரும் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறார் என்று அவன் முடிவுகட்டியிருந்தான்.

கார் முப்பது வருடப் பழைய லான்சர். இடைஞ்சல் பிடித்தது. டைமிங் பெல்ட்டைத் தொடுவதற்கே எஞ்சினை ஜாக்கில் தாங்கி, அதைப் பிடித்திருக்கும் ஒரு பக்கத்து மவுண்டைக் கழற்ற வேண்டும். மட்காட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் கை போகும். ஸ்பானர் பிடித்த கை போகாது. துறைமுகக் காற்றில் துருவேறிய ஒரு பெரிய போல்ட்டைக் கிளப்பவே காலையில் ஒரு மணித்தியாலம் போயிருந்தது.

அந்த எரிச்சல் முழுவதும் இப்போது முன்னம் வேலை செய்தவன் தலையில் இறங்கியது.

இரண்டு போல்ட்டைத் தொலைத்தவன் மீதியிலும் ஒன்றை எங்கேயோ பொறுக்கி வந்து திணித்திருக்கிறான், அது இழையைத் தின்றுவிட்டது என்றான். கவரின் வெடிப்பில் அப்பியிருந்த சிலிக்கனை நகத்தால் உரித்துக் காட்டி, பாணுக்குப் பட்டர் பூசுகிறவன்கூட இதைவிட ஒழுங்காகப் பூசுவான் என்றான்.

டென்ஷனரை விரலால் சுழற்றினான். கரகரத்தது. பெல்ட்டை மாற்றிவிட்டு, அதை இறுக்கிப் பிடிக்கும் இந்தச் சில்லைப் பழையபடியே விட்டுவிட்டுப் போயிருக்கிறான் என்றான். ஒயில் கசியாமல் தடுக்கும் சீல் வளையத்தையும் தொடவில்லை. கசிந்த ஒயிலில் பெல்ட் ஊறி உப்பிப் போயிருந்தது. இன்னும் ஒரு மாதம் ஓடியிருந்தால் அது அறுந்து, எஞ்சின் பழைய இரும்புக்குத்தான் போயிருக்கும் என்றான்.

போனில் இதயங்களும் சிரிப்பு முகங்களும் மிதந்தன. மூதூரிலிருந்து ஒருவர் இந்த ஆளைக் கட்டிவைத்து உதைக்க வேண்டும் என்று எழுதினார். முன்னூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சசிகரனுக்கு உற்சாகம் ஏறிவிட்டது. ஐயாதான் வீட்டில் வைத்துக் கழற்றிப் பார்த்தவரோ என்று கேட்டான். அன்னலட்சுமியின் கணவர் ஞானசேகரம் இறந்து மூன்று வருடம் என்று காலையில் அவர் சொல்லியிருந்தார்.

இல்லை, அவருக்கு டயர் மாற்றவும் வராது என்றார் அன்னலட்சுமி. ஒன்பது வருடத்துக்கு முன்னர் அவர் ஒரு கராஜில் கொண்டுபோய் விட்டு மாற்றினது. தானும் கூடப் போய் வாங்கில் குந்தியிருந்ததாகச் சொன்னார்.

அப்படியென்றால் ஆளைத் தெரிந்திருக்குமே என்றான் சசிகரன்.

பழைய கதை, விட்டுவிடுங்கோ தம்பி என்றார் அவர்.

இப்படி விட்டு விட்டுத்தான் இவன்கள் வளர்ந்தார்கள் என்று எஞ்சினைப் பார்த்துச் சொன்னான் சசிகரன். ஸ்பானர் பிடிக்கத் தெரியாதவன் எல்லாம் மெக்கானிக் என்று சொல்லித் திரிகிறான் என்றான். பிறகு போனுக்கு நேரே நிமிர்ந்தான்.

"பேரைச் சொல்லுங்கோ அன்ரி. சனம் அறியட்டும்."

அன்னலட்சுமி போனை மற்றக் கைக்கு மாற்றினார்.

"நீங்கள்தான் தம்பி. அவர் கொப்பியில எழுதி வைச்சிருந்த நம்பருக்குத்தான் நேற்று எடுத்தனான்."

குரலில் குத்தல் இல்லை. கேட்டதற்குச் சொன்னார், அவ்வளவுதான்.

அந்த வருடம் அவன் துறைமுக வீதியில் ஒரு கராஜில் வேலைக்கு நின்றது உண்மை. ஒரு நாளைக்கு நாலைந்து வாகனம் அவன் கையால் போகும். இந்தக் காரை நினைவில் தேடினான். மண்ணிற லான்சர், கூட வந்த மனிதர், வாங்கில் இருந்த பெண். அந்தக் கார் அப்போது மண்ணிறமா என்பதுகூட அவனுக்குத் தெரியவில்லை. ஒன்றும் வரவில்லை.

போனில் இதயங்கள் நின்றுபோயிருந்தன. சிரிப்பு முகங்கள் மட்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மேலே போயின.

நேரலையை நிப்பாட்டச் சொல்ல வாய் எடுத்தான். சொன்னால் அதையும் முன்னூறு பேர் கேட்பார்கள். எதை அமத்தி நிப்பாட்டுவது என்று அன்னலட்சுமிக்குத் தெரியாது. அவர் கை மாற்றி மாற்றிப் போனைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

சசிகரன் எஞ்சினுக்குள் குனிந்தான். பழைய சீல் வளையத்தைப் பிடுங்கிப் புதியதை அடித்தான். டென்ஷனரை மாற்றினான். பெல்ட் ஓடும் சில்லுகளில் இருந்த அடையாளப் புள்ளிகளைத் துணியால் துடைத்து நேருக்கு நேர் வைத்து, பெல்ட்டை ஏற்றி, எஞ்சினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றித் திரும்பவும் புள்ளிகளைப் பார்த்தான். திருப்தி வராமல் ஒருமுறை கழற்றி, மறுபடியும் ஏற்றினான்.

ஐம்பது நிமிடம். அவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அவனுடைய பக்கத்தில் இன்றுவரை ஆகக் கூடுதலான பேர் பார்த்தது அந்த வீடியோவைத்தான். சிரிக்க வந்தவர்கள்தான் அதிகம். ஆனால் தோப்பூரில் கராஜ் வைத்திருக்கும் பக்கீர் என்பவர் அதன் கீழே எழுதியிருந்தார்: இந்தப் பக்கத்தை இரண்டு வருடமாகப் பார்க்கிறேன், ஒரு பெல்ட்டை எப்படிப் போடுவது என்று இன்றைக்குத்தான் காட்டியிருக்கிறீர்கள்.