காக்கிப் பேப்பர்

"எங்க அத்தைதான் தம்பி ஏதோ பண்ணியிருக்காக. அவகளுக்கு இந்த மிஷினைக் கண்டாலே ஆகாது" என்றாள் ஆர்த்தி.

கம்ப்யூட்டர் சரிபார்க்க வந்த ஸ்ரீராம்குமார் கம்ப்யூட்டரை மட்டும் பார்த்தான். மாமியார் மருமகள் விவகாரத்தில் தலையிடுகிறவன் இந்தத் தொழிலில் நிலைக்க முடியாது.

ஆமத்தூரில் வீட்டிலிருந்தபடியே சிவகாசி அச்சகங்களுக்குக் காலண்டர் டிசைன் செய்து கொடுக்கிறவள் ஆர்த்தி. ஒரு மாதமாகக் கம்ப்யூட்டர் நகர மறுக்கிறது. முருகன் படத்தைத் திறந்தால் மயில் மட்டும் வந்து நிற்கும். முருகன் ஆற அமர வந்து சேருவார்.

இன்று சாயங்காலத்துக்குள் டிசைன் போகாவிட்டால் ஆர்டரை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். சீசன் நேரம். போனால் போனதுதான்.

ஸ்ரீராம்குமார் வைரஸ் பார்த்தான், இல்லை. மெமரியும் ஹார்ட் டிஸ்க்கும் நன்றாகவே இருந்தன.

"ஆன் பண்ணினதுமே ஸ்லோவாக்கா?"

"இல்ல தம்பி. மொதல்ல நல்லாத்தான் ஓடும். கொஞ்ச நேரத்துல படுத்துக்கிடும்."

மேஜைக்கடியில் கையை விட்டு சி.பி.யு.வைத் தொட்டான். இட்லிப் பானை மாதிரி சுட்டது. வெளியே இழுத்துத் திருப்பினால், காற்றுப் போகும் ஓட்டைகளை எல்லாம் மூடி, ஒரு சுருக்கம் இல்லாமல் காக்கிப் பேப்பர் ஒட்டியிருந்தது.

"நான் சொன்னேன்ல?" என்றாள் ஆர்த்தி. பட்டாசுக் கம்பெனியில் பேப்பர் ஒட்டும் வேலை பார்க்கும் மாமியார் பஞ்சம்மாளைத் தவிர இவ்வளவு நேர்த்தியாக யார் ஒட்டுவார்கள்?

"நான் வீட்டுல ஒக்காந்து சம்பாதிக்கிறது பிடிக்கல தம்பி. வேலை விட்டு வந்தா இந்த ரூமுக்குள்ள காலே வைக்க மாட்டாக. வாசப்படியில நின்னு ரெண்டு வார்த்தை, அம்புட்டுத்தான்."

அவன் பேப்பரைப் பிய்த்து, சூடு ஆறவிட்டு, சுத்தம் செய்து மாட்டினான். முருகனும் மயிலும் ஒன்றாகவே வந்தார்கள். வேலை முடிந்ததென்று கிளம்பிவிட்டான்.

ஆர்த்தி டிசைனை அனுப்பி முடிக்கவும், தெருவில் கம்பெனி வேன் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

பஞ்சம்மாள் வழக்கம்போல வாசற்படியிலேயே நின்றாள். விரலிலும் சேலையிலும் வெள்ளிப் பொடி.

"வேல முடிஞ்சுதா தாயி?"

"இத ஒட்டுனது நீங்கதான?" பிய்ந்த பேப்பரை நீட்டினாள் ஆர்த்தி.

"ஆமா. போன மாசம் லீவுல குளிச்சிட்டு வந்து ஒட்டுனேன். ஏன் பிச்சுப் போட்ட?"

"எதுக்கு ஒட்டுனீக?"

"என் சேலையெல்லாம் வெடி மருந்துத் தூசி. எம்புட்டு ஒதறினாலும் போக மாட்டேங்குது. அந்த ஓட்டை வழியா உள்ள போயிரும்ல? அதுக்குத்தான நான் ரூமுக்குள்ளயே வாரதில்ல."

ஆர்த்தி நீட்டிய கையை இறக்கினாள். ஒரு மாதமாகத் திட்டித் தீர்த்த மனசு இப்போது கையெடுத்துக் கும்பிடச் சொன்னது.

"நான் என்னென்னமோ நெனச்சுப்புட்டேன் அத்தை. எம் மிஷின் கெட்டுறக் கூடாதுன்னா இம்புட்டும் பண்ணுனீக?"

"மிஷின் கெடக்கு" என்றாள் பஞ்சம்மாள். "பொறி கெளம்பிரும்னு எங்க கம்பெனியில ஒரு செல்போனைக்கூட உள்ள விட மாட்டாக. நீ நாள் பூரா அதுக்குப் பக்கத்துலதான கால நீட்டி ஒக்காந்திருக்க?"