இரண்டாம் பக்கம்

ஒன்பதாவது கேள்வியில் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

“பூமி ஆடினப்ப வீட்டுல தூங்கிட்டிருந்தவங்க முழிச்சாங்களாய்யா?”

ஐம்பத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய நிலநடுக்கம். அதைப் பதியப் பக்கத்தில் எங்கும் கருவி இல்லை. ஊர் ஊராகப் போய், அன்று இருந்தவர்களைக் கேட்டு, ஆடிய வேகத்துக்கு ஏற்ப ஊருக்கு ஓர் எண் போடுவதுதான் அவன் ஆராய்ச்சி. எண்களை வரைபடத்தில் வைத்தால் நடுக்கம் எங்கே பிறந்தது, எவ்வளவு பெரியது என்று தெரிந்துவிடும்.

கிழக்கே ஆற்றோரம் பிறந்தது என்று அவன் ஏற்கெனவே எழுதிவிட்டான். மூன்று வருஷப் பாடு. இந்த ஊருக்கு நாலு வந்தால் போதும். ஏழு வந்தால் பிறந்த இடமே இங்கே நகர்ந்துவிடும், எழுதியதெல்லாம் பாழ்.

சென்னியப்பன் அவனுக்கு மோரைக் கொடுத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். அன்று அவருக்குப் பத்து வயது.

“நானொருத்தன்தானுங்க எந்திரிச்சேன். அப்பன், அம்மா, தங்கச்சி, ஆரும் எந்திரிக்கலீங்க.”

‘சிலரே விழித்தனர்’ என்ற கட்டத்தில் டிக் அடித்தான். நாலு.

நாலு வந்துவிட்டால் இரண்டாம் பக்கத்தைக் கேட்க வேண்டியதில்லை. சுவர், கூரை விழுந்ததா என்ற கேள்வியெல்லாம் அந்தப் பக்கத்தில்தான். அவனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

பெரியவர் நிறுத்தவில்லை.

“அவங்க மேல செவுரு வுழுந்துருச்சுங்க. எங்கப்பனே எழுப்புன செவுரு. கொத்தனாருங்க அவுரு. மண்ணை ஒழுங்காக் கொழைக்காமக் கட்டி, குடும்பத்தையே கொன்னுபோட்டான்னு இன்னைக்கும் ஊருல பேசறாங்க. கோயல் மதிலும் அன்னைக்கே சாஞ்சுதுங்க, அதை ஆரும் சொல்றதில்ல. பூமி ஆடித்தான் வுழுந்துச்சுன்னு உங்க காயிதத்துல ஒரு வரி எழுதுங்க சார். அது போதுமுங்க.”

பேனா கையில்தான் இருந்தது. இரண்டாம் பக்கமும் கையில்தான் இருந்தது.

புரட்டியிருக்கலாம், பாவி.

படிவத்தை மடித்தான்.

“எங்கூருக்கு எத்தனைங்க போட்டீங்க?”

“நாலுங்கய்யா.”

“நாலுல செவுரு வுழுகுமுங்களா?”

பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினான்.

“நல்ல செவுரா இருந்தா விழாதுங்கய்யா.”

சென்னியப்பன் மடித்த படிவத்தைப் பார்த்தார்.

“அப்ப எங்கப்பன்தானுங்களா?” என்றார்.

மோர் நன்றாக இருந்ததாகச் சொல்லிவிட்டு அவன் எழுந்தான்.