தொட்டால் தோல்வி

இங்கிலாந்தின் டோவரிலிருந்து பதினோரு மணி நேரமாக நீந்தி வந்த ஹிலரி, துணைப்படகின் அருகே மிதந்தபடி இருமினாள். கண்ணுக்கெட்டும் தூரத்தில் பிரான்ஸ் கரை.

"பார்த்து! கரை சேர்ற வரைக்கும் உன் மேல யார் கை பட்டாலும் ஆட்டம் க்ளோஸ்" என்றாள் தங்கை நெரிஸ், கயிற்றில் கட்டிய கோப்பையைத் தண்ணீரிலிருந்து இழுத்தபடி.

"போன வருஷம் நான் வாங்கிக் கட்டிக்கிட்டது போதாதா?" என்றான் ஹிலரியின் கணவன் டெஸ்மண்ட். அப்போதும் இருமினாள். பயந்துபோய் அவன் படகில் தூக்கிவிட்டான். டோவர் வரை திட்டிக்கொண்டே வந்தாள்.

கண்காணிப்பாளர் பெட்டிக்ரூ எட்டிப் பார்த்தார். "வாயோரம் ரோஸ் கலர்ல நுரை தள்ளுதேப்பா. குளிர்ல கை கால் ரத்தமெல்லாம் நெஞ்சுக்கு ஏறிடும். நுரையீரல்ல நீர் கோத்துக்கிட்டா இப்படித்தான் வரும். தூக்கிடலாமா?"

"ஐயோ சார், அது ராஸ்பெர்ரி சாறு! அரை மணிக்கொரு தரம் அதைத்தானே குடிக்கிறா. இன்னும் ரெண்டே மைல். இப்ப தூக்கினா என்னை உயிரோட விடமாட்டா" என்றான் டெஸ்மண்ட்.

நெரிஸின் கையிலிருந்து கோப்பை நழுவியது.

"டெஸ்மண்ட்... அந்த பாட்டிலைக் கரையிலேயே விட்டுட்டு வந்துட்டேன். நீங்க கத்துவீங்கன்னு ஹிலரிகிட்ட மட்டும்தான் சொன்னேன். காலையிலேர்ந்து வெறும் சர்க்கரைத் தண்ணிதான் கொடுக்கிறேன்."

டெஸ்மண்ட் கடலில் குதித்தான். முகம் கவிழ்ந்து மிதந்தவளைப் புரட்டி, இறுக அணைத்துக்கொண்டான்.

"தொட்டுட்டேன் ஹிலரி! திட்டுடி... திட்டு!"

இந்த முறை அவள் திட்டவில்லை.