ஒரு வாய்த் தண்ணீர்

அந்தச் சனிக்கிழமை பிற்பகல் ஸ்டேஷனில் இருந்தவர்கள்: இன்ஸ்பெக்டர், ரைட்டர், ஏட்டு, சட்டையில்லாமல் சுவரோரம் நின்ற சங்கிலி, அவனைப் பிடித்து வந்ததிலிருந்து வாசல் பெஞ்சை விட்டு நகராத அவன் மனைவி. அவள் மூக்கைச் சிந்தும் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது.

சங்கிலி என்பது தொழிலால் ஒட்டிக்கொண்ட பெயர். சந்தை முக்கில் உடம்பெல்லாம் சங்கிலி சுற்றிப் பூட்டச் சொல்வான். ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கழற்றி எறிந்துவிட்டு வருவான். அதற்கு அனுமதிச் சீட்டு இருந்தது. நாளை மாலை சங்கிலியோடு சாக்குக்குள் புகுந்து பாலத்திலிருந்து ஆற்றில் குதிக்கப்போவதாக அறிவித்திருந்தானே, அதற்குத்தான் இல்லை. பாலமும் தண்ணீரும் எந்த வித்தைக்காரனுக்கும் கிடையாது என்பது விதி.

"எவனோ போனைப் போட்டு என் பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டான் சார்," என்றான் சங்கிலி.

"பாலத்துப் பக்கமே வர மாட்டேன்னு எழுதிக் குடு. இப்பவே போய்க்கிட்டே இரு," என்றார் இன்ஸ்பெக்டர்.

"அதெப்படி சார்? ஊரே வருது. சந்தையில இப்ப எவன் நிக்கிறான்? போனைப் பாத்துக்கிட்டே தாண்டிப் போறான். ஆத்துல குதிச்சாத்தான் தலையத் தூக்குவான்."

"அப்ப கேஸ்தான். கோர்ட்டு திங்கட்கிழமைதான் திறக்கும்."

மனைவி பெஞ்சிலிருந்து எழுந்தாள். "அதுவரைக்கும் உள்ளதான் இருப்பாரா சார்?"

"பின்ன, உன்கூட சினிமாவுக்கா அனுப்புவாங்க?" என்றார் ரைட்டர்.

உடம்பைச் சோதித்து முடித்து, சட்டையைத் திருப்பிக் கொடுத்தார்கள். சங்கிலி பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அவள் உள்ளே வந்து அவன் கையை விலக்கிவிட்டுக் கழுத்திலிருந்து கீழே வரை பொத்தான்களைப் போட்டுவிட்டாள்.

"மாப்பிள்ளைக்கு மாமியார் வீட்டுல உபசாரம் பலமா இருக்கே!" என்றார் ரைட்டர். ஏட்டும் சேர்ந்து சிரித்தார். சிரித்தபின் அவருக்கு ஏனோ சங்கடமாக இருந்தது.

இன்ஸ்பெக்டருக்கு வேடிக்கை பார்க்கும் ஆசை வந்துவிட்டது. "சரிடா, பெரிய பூட்டுக்காரா. லாக்கப்புல போட்டுப் பூட்டுறேன். நான் டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள திறந்துட்டு வா பாப்போம். வந்துட்டா கேஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாளைக்கு எங்க வேணா குதி, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்."

"வாக்கு மாற மாட்டீங்களே சார்?" சங்கிலியின் முகத்தில் வெளிச்சம் வந்தது.

ஏட்டுக்கும் வந்தது. சந்தை ரோந்தில் இவனை விரட்டியதைவிட நின்று பார்த்ததுதான் அவருக்கு அதிகம். ஒவ்வொரு தடவையும் பூட்டுவதற்கு முன்னால் மனைவி ஒரு வாய்த் தண்ணீர் கொடுப்பாள். டம்ளரின் அடியில் பூட்டைத் திறக்கும் வளைந்த கம்பி ஒன்று கிடக்கும். கடைசி மடக்கோடு அது அவன் கன்னத்துக்குள் போய்விடும். அவர் இதைக் கண்டுபிடித்து வருஷக்கணக்காகிறது. யாரிடமும் மூச்சு விட்டதில்லை. கஞ்சிக்கு வழி செய்கிறவனைக் காட்டிக்கொடுத்து என்ன ஆகப்போகிறது?

"ஐயா, வாய் காஞ்சு போயிருக்கான். அந்தம்மா ஒரு வாய்த் தண்ணி குடுத்துடட்டும்," என்றார் இன்ஸ்பெக்டரிடம், முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

அவள் பானையிலிருந்து மொண்டு கொண்டுவந்தாள். லாக்கப் வாசலில் நின்றபடி சங்கிலி நிதானமாகக் குடித்தான். குடித்து முடித்து டம்ளருக்குள் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"இன்னும் கொஞ்சம் குடு."

"போதும்."

"இன்னும் கொஞ்சம் குடுன்னு சொல்றேன்ல."

"பானையில இல்ல."

பானை நிறைய இருந்தது. காலையில் ஊற்றி வைத்ததே ஏட்டுதான்.

போலீஸ்காரர்கள் முன்னால் தொழில் ரகசியத்தை அவிழ்க்க முடியுமா? சங்கிலி பல்லைக் கடித்தான். தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய், மூலையில் சுவரைப் பார்த்து நின்றான்.

"டீ ஆறுதுய்யா, பூட்டு," என்று தன் மேசையிலிருந்தே சத்தம் போட்டார் இன்ஸ்பெக்டர்.

ஏட்டு பூட்டைத் தேடுவதுபோல் குனிந்து, அவளிடம் கிசுகிசுத்தார். "ஏம்மா, கம்பியப் போட மறந்துட்டியா? எனக்கு எல்லாம் தெரியும். இன்னொரு டம்ளர் கொண்டா, நான் பாத்துக்கிறேன்."

"மறக்கலைங்கய்யா." அவள் முந்தானை முடிச்சை இறுகப் பிடித்திருந்தாள். "அவரு விரலு முன்ன மாதிரி இல்ல. மூணு மாசமா எதையும் பிடிக்க முடியல. சின்னப் பூட்டுக்கே திணர்றாரு. தண்ணிக்குள்ள, சாக்குக்குள்ள எப்படித் திறப்பாரு? கால்ல விழுந்தும் கேக்கலை. அதான் நானே போன் பண்ணினேன்."

ஏட்டு நிமிர்ந்தார். உள்ளே நிற்கிறவனின் முதுகைப் பார்த்தார். கதவைச் சாத்தினார், பூட்டை மாட்டிச் சாவியைத் திருப்பினார், இழுத்துப் பார்த்தார்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை இழுத்துப் பாருங்கய்யா."