திருகும் சத்தம்

தாழிட்ட குளியலறைக்குள்ளிருந்து எதையோ திருகும் சத்தம் வந்தது. குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தை மறைக்கப் பார்த்தார் அவர். இத்தனை வருஷம் குடிகாரனோடு குடித்தனம் நடத்தியவளின் காதுக்கு அதெல்லாம் ஒரு மறைப்பா?

பாட்டில் மூடிதான். கதவோடு கதவாக ஒட்டி நின்ற அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை.

அவர் குடியை விட்டு ஒரு வருஷம் ஆகப்போகிறது. விட்டார் என்பதைவிட, அவள் விடவைத்தாள் என்பதுதான் சரி. இன்னொரு தடவை தொட்டால் மகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சொல்லி, பெட்டியையும் அடுக்கிக் கட்டிலுக்கு அடியில் தயாராக வைத்திருந்தாள்.

கொஞ்ச நாளாகவே மனிதர் சரியில்லை. விடிந்ததும் முதல் ஆளாகக் குளியலறைக்குள் புகுந்துகொள்கிறார், வெளியே வரும்போது திருட்டு முழி முழிக்கிறார். பக்கத்தில் போய் மோந்து பார்த்தால் பற்பசை வாசனைதான் அடிக்கிறது. கடைகடையாகப் போய்த் தராசு பழுது பார்க்கிறவருக்குக் காலங்காத்தாலே இத்தனை வாய்ச் சுத்தம் எதற்கு என்று அவளுக்கு அதிலும் சந்தேகம்.

அதுவும் மகள் தேறிவருகிற நேரத்திலா இந்தப் புத்தி வரவேண்டும்? குண்டாகிவிடுவோம் என்ற பயத்தில் சாப்பாட்டையே ஒதுக்கி, எலும்பும் தோலுமாகிப் போயிருந்த பெண் அவள். காலையில் குளித்ததும் குளியலறையிலேயே இருக்கும் எடை மெஷினில் ஏறி முள்ளைப் பார்ப்பாள். அன்றைக்குச் சாப்பிடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது அந்த முள்தான். டாக்டர் சொன்னாரென்று மெஷினை அப்புறப்படுத்தியபோது பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் கிடந்தாள். பயந்துபோய்த் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள்.

இப்போதுதான் தட்டில் வைத்ததைச் சாப்பிடுகிறாள், கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது. எல்லாம் தன் கைப்பக்குவம் என்று அக்கம்பக்கத்தில் பெருமையடித்துக்கொண்டிருந்தாள் தாய்க்காரி.

"கதவைத் திறங்க," என்றாள்.

திருகும் சத்தம் நின்றது. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் தட்டிய தட்டில் மகளும் எழுந்து, தோளில் துண்டோடு பின்னால் வந்து நின்றுவிட்டாள்.

தாழ்ப்பாள் விலகியது. ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி நின்றார் அவர்.

"கையில என்ன?"

பதில் சொல்ல வாயெடுத்தவர், மனைவியின் தோளுக்கு மேலாக மகளின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"குடிச்சுட்டேன்," என்றார்.

அவள் எதிர்பார்த்ததுதான். ஆனால் மறுப்பார், சத்தியம் செய்வார் என்று எண்ணி அதற்கெல்லாம் பதில் தயாராக வைத்திருந்தாள். ஒப்புக்கொண்டவரிடம் என்ன சண்டை போடுவது? நேராக அறைக்குப் போய்ப் பெட்டியை வெளியே இழுத்தாள்.

மகளுக்கு இந்த ரகளை எதுவும் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. குளியலறைக்குள் போனவள் கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்தே குரல் கொடுத்தாள். "அம்மா, இன்னிக்கும் கொஞ்சம் குறைஞ்சிருக்கேன். எனக்கு ரொட்டி ரெண்டா வை."

அவர் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். மனைவி எழுந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்து வாயருகே மோந்து பார்த்தாள். பற்பசை. நம்பாமல் இன்னொரு தடவை மோந்தாள். பற்பசையேதான்.

"குடிச்ச நாத்தம் எங்க?"

மறைத்திருந்த கையை அவர் முன்னால் நீட்டினார். வேலைக்கு எடுத்துப் போகும் சின்ன ஸ்க்ரூ டிரைவர் அதில் இருந்தது.

"அவ உடம்பு ஏற ஏற, மெஷின்ல ஸ்பிரிங்கை இறுக்கி விடுறேன்," என்றார் ரகசியக் குரலில். "முள்ளு இறங்கினாத்தான் அவ சாப்பிடுறா."

ஊரார் தராசையெல்லாம் இம்மி பிசகாமல் சரிசெய்துவிட்டு வருகிற மனிதர், வீட்டிலிருப்பதை மட்டும் தினமும் பொய் சொல்ல வைத்துக்கொண்டிருக்கிறார். தன்னிடம் ஏன் சொல்லவில்லை என்பதும் அவளுக்குப் புரிந்தது. சொல்லியிருந்தால் அன்றைக்கே உளறிக் கொட்டியிருப்போம் என்று அவளுக்கே தெரியும்.

"அம்மா, மாமா வீட்டுக்கா போறோம்?" என்று கேட்டாள் மகள், கதவுக்கு வெளியே நின்று. தானே எடுத்துக்கொண்ட ரொட்டி வாய் நிறைய இருந்ததால் வார்த்தை குழறியது.

"எங்கயும் போகல. நீ சாப்பிடு," என்றாள் தாய். பெட்டியைக் காலாலேயே கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவரின் காதருகே குனிந்தாள்.

"நாளைக்கும் குடிங்க."