தோல்வார் வழக்கு

“குற்றவாளி இந்த வீட்டுக்குள்ளதான் இருக்கணும்!”

ஓய்வுபெற்ற நீதிபதி குளியலறை வாசலில் நின்று முழங்கினார். ஒரு கன்னத்தில் சோப்பு நுரை. கையில், சவரக்கத்தி தீட்டுகிற தோல்வார். நடுவில் குறுக்குமறுக்காக வெட்டு. ஒரு துண்டு நாக்குப்போலத் தொங்கியது.

மகன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினான். “பழைய தோல்தானேப்பா, தானாக் கிழிஞ்சிருக்கும்.”

“கிழியல. அறுத்திருக்கு. யாரோ இதுல காய் நறுக்குற கத்தியத் தீட்டியிருக்காங்க.” சமையலறைப் பக்கம் திரும்பினார். “ஏம்மா, நீதானே?”

மருமகள் ஈரக்கையைத் துடைத்தபடி வந்தாள். தோலைப் பார்த்தாள். மாமனாரின் தாடையில் ரத்தக்கறையோடு ஒட்டியிருந்த பஞ்சையும் பார்த்தாள்.

“ஆமா மாமா. நான்தான்.”

“பாத்தியா? சாட்சியே தேவைப்படல!” மகனிடம் பெருமையாகச் சொன்னார். “மீசை முளைச்ச நாள்லேருந்து என் முகத்துல வேற ஆள் கை பட்டதில்ல. இனிமே சலூன்ல போய் எவன்கிட்டயோ கழுத்தை நீட்டணுமா?”

தீர்ப்பு உடனே வந்தது. அறுத்தவளே கொண்டுபோய்ச் சரிசெய்து வர வேண்டும்.

தெருமுனையில் செருப்பும் பையும் தைக்கிற கடைக்காரர் தோலைத் தடவிப் பார்த்தார்.

“பிளந்த இடத்துல பசை போட்டு ஒட்டி, உப்புத்தாள் தேச்சு, எண்ணெய் பூசினாப் புதுசாட்டம் ஆயிடும்மா.”

ஆனால் தோல்வார் திரும்பி வரவில்லை.

“பசை இன்னும் காயலையாம் மாமா” என்றாள் மருமகள். அடுத்த வாரம், “நல்ல எண்ணெய் கிடைக்கலையாம்.” அதற்கடுத்த வாரம், “கடைக்காரருக்கு உடம்பு சரியில்லையாம்.”

“இதென்ன கோர்ட்டா, வாய்தாமேல வாய்தா வாங்க?” என்று கத்தினார், வாய்தா கொடுத்தே பேர் வாங்கிய நீதிபதி.

தினமும் தூக்குமேடைக்குப் போகிறவர்போல சலூனுக்குக் கிளம்புவார். திரும்பும்போது முகம் வழவழவென்று இருக்கும். வாய் மட்டும் கரடுமுரடு.

“எல்லாம் எங்க வீட்டு மகராசி பண்ண வேலை!” வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார்.

கணவனும் விடவில்லை. “கத்தி தீட்ட உனக்கு வேற இடமே கிடைக்கலையா?”

அவள் அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள்.

ஒரு நாள் நீதிபதி பொறுமை இழந்து செருப்பை மாட்டினார். “நானே போய் அந்த ஆளை ஒரு பிடி பிடிக்கிறேன்!”

மருமகள் பதறிப்போனாள். “நீங்க எதுக்கு மாமா? நான் போய்…”

“நீ கிழிச்சது போதும்!”

கடையில் தோல்வார் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. வெட்டு இருந்த இடமே தெரியவில்லை.

நீதிபதி தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“தம்பி, தப்பா நினைக்காத. இதை வீட்டுக்குக் குடுத்துடாத. இனிமே தேறாதுன்னு சொல்லிடு.”

கடைக்காரர் ஊசியைக் கீழே வைத்தார். நீதிபதி வலது கையை நீட்டினார். விரல்கள் நிற்காமல் நடுங்கின.

“அறுத்தது நான்தான்ப்பா. தீட்டும்போது கை நிக்கல. அதே கத்தியக் கழுத்துல வைக்கப் பயமா இருக்கு. வீட்டுல சொன்னா மானம் போயிடும். மருமக வேற, என் சத்தத்துக்குப் பயந்து பழிய ஏத்துக்கிச்சு, அசடு.”

கடைக்காரர் சிரித்தார்.

“கவலைய விடுங்க ஐயா. தோலைக் கொண்டாந்த அன்னிக்கே உங்க மருமகளும் ‘வீட்டுக்குக் குடுத்துடாதீங்க’ன்னு இதையேதான் சொல்லிட்டுப் போனாங்க.”