பச்சைச் சுவர்

அவள் அவனைத் தொட்டாள்.

சட்டைக்குள் தோள் சூடாக இருந்தது.

சிறைக்குள் நடந்த அடையாள அணிவகுப்பு வரிசையில் நின்ற எல்லோருக்கும் இடது புருவத்தின் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. ஒருவனுக்கு மட்டும் அங்கே தழும்பு. அதுவே காட்டிக்கொடுத்துவிடக் கூடாதென்று எல்லோருக்கும் ஒட்டிவிடுவார்கள்.

அவளுக்குத் தழும்பு தேவைப்படவில்லை. முகமே போதும்.

"இவர் என்ன செஞ்சார்மா?"

"எங்க வீட்டுக்காரரைக் குத்துனது இவன்தாங்க."

மாஜிஸ்திரேட் எழுதிக்கொண்டார். சின்ன வயதுப் பெண். மகள் நித்யாவைவிட நான்கைந்து வயது மூத்தவராக இருக்கலாம்.

"மறுபடியும் ரெண்டு தடவை பார்க்கணும். சந்தேகம் வந்தா யாரையும் தொட வேண்டாம். அது தப்பில்லை."

அவளைப் பக்கத்து அறையில் உட்கார வைத்தார்கள். கதவுக்கு அப்பால் ஆட்கள் இடம் மாறினார்கள், சட்டை மாற்றிக்கொண்டார்கள். எங்கே நிற்பது என்று நீயே முடிவு செய்யலாம் என மாஜிஸ்திரேட் அவனிடம் சொல்வது கேட்டது. போலீஸ்காரர்கள் யாரும் உள்ளே வரக் கூடாதாம். வார்டர்தான் வந்து கூப்பிட்டார்.

இரண்டாவது முறை.

"என்னைத் தொட்டுராதீங்கக்கா. நான் வெறும் சாராயக் கேஸு" என்றான் ஒப்புக்கு நிறுத்தியிருந்த ஒரு கைதி. வரிசை சிரித்தது. வார்டர் அதட்டினார்.

அவன் மட்டும் சிரிக்கவில்லை.

அவள் மறுபடியும் அவனையே தொட்டாள்.

"அக்கா, நல்லாப் பாருங்க" என்றான்.

அறைக்குத் திரும்பி, கண்ணை மூடி, நல்லாப் பார்த்தாள்.

அன்றைய சாயங்காலம். பால் பொங்கியது. அடுப்பை அணைத்துத் திரும்பினாள். வீட்டுக்காரர் தண்டபாணி தரையில் கிடந்தார். சமையலறை வாசலில் அவன். கையில் கத்தி. அவளைப் பார்த்தான்.

தினமும் வருவது இதுதான். இதே முகம்தான்.

இன்று முகத்துக்குப் பின்னால் பார்த்தாள்.

சுவர் இருந்தது. பாதி உயரத்துக்குக் கரும்பச்சை, மேலே வெள்ளை.

அவள் வீட்டில் எங்கேயும் பச்சை கிடையாது. சமையலறைக்கு மஞ்சள் பெயின்ட். தண்டபாணியே அடித்தது.

காரியம் முடிந்த மறுநாள் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். செல்போனை நீட்டி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். ஸ்டேஷன் சுவரை ஒட்டி ஒருவன் நின்றிருந்தான்.

"பதறாம பாருங்கம்மா. இவன்தானே?"

அவள் அழுதாள். அழுகையை அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். போட்டோ பார்த்ததைச் சொல்ல வேண்டாம், கேஸ் நிற்காது என்றார். காலையில் மாஜிஸ்திரேட் கேட்டபோது அவளும் பார்க்கவில்லை என்றுதான் சொன்னாள்.

இப்போது அந்தச் சுவரை மட்டும் எடுத்துவிட்டுப் பார்த்தாள்.

முகமும் சேர்ந்து போய்விட்டது.

வாசலில் கத்தி மட்டும் நின்றது.

சிறை வாசலில் நித்யா காத்திருக்கிறாள். அப்பாவைக் கொன்றவன் வெளியே வந்துவிடக் கூடாது என்று ஆட்டோவில் வரும்போது முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

கொன்றவன் இவனாகவே இருந்து, அவள் தொடாமல் விட்டால், நாளைக்கே வெளியே வந்துவிடுவான்.

இவனாக இல்லாவிட்டால்?

"வாங்கம்மா" என்றார் வார்டர்.

மூன்றாவது முறை. அவன் நடுவில் நின்றான். வேறு யாருடையதோ சட்டை, தோளில் தொளதொளத்தது.

ஒவ்வொருவராகக் கடந்து வந்தாள். அவர்கள் கண்களெல்லாம் அவளைப் பார்த்தன. அவன் முன்னால் நின்றாள்.

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவளுக்கு எட்டட்டும் என்பதுபோல் தோளை மட்டும் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தான்.

அவள் கை ஏற்கெனவே உயர்ந்திருந்தது.

அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.